படகின் அடியில், ஒரு கார்ப்பெட் துண்டோடு

தண்ணீருக்குள் இறங்கிப் படகின் அடியில் கையை வைத்ததும் முதலில் தெரிவது வழுவழுப்புதான். கண்ணுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. சிங்கப்பூரின் வடக்கே, ஜோகூர் நீரிணை ஓரம் படகுகள் கட்டிக் கிடக்கும் மரினாக்களில் நல்ல நாளிலேயே ஒரு மீட்டர் தூரம் தெரிந்தால் அதிகம். மழை பெய்த மறுநாள் என்றால் முகமூடிக்கு முன்னால் நீட்டிய என் விரலே நிழல் மாதிரிதான் இருக்கும். அதனால் இந்த வேலையில் கைதான் கண். வெறும் வழுவழுப்பு என்றால் போன முறை தேய்த்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். மணல்தாள் போலச் சொரசொரத்தால் கொட்டலசு (பார்னக்கிள்) என்கிற ஓட்டு உயிரின் குஞ்சுகள் வந்து உட்கார்ந்துவிட்டன. கையுறையைக் கிழிக்கிறது என்றால் படகுக்காரர் மூன்று நான்கு மாதமாக இந்தப் பக்கமே வரவில்லை.

ஒன்பது வருடமாக எனக்கு இதுதான் வேலை. படகைக் கரைக்குத் தூக்காமல், மிதந்துகொண்டிருக்கும்போதே அடியில் போய் அதைச் சுத்தம் செய்வது. அதற்கு முன் ஏழு வருடம் ஷிப்யார்டில் பிளாஸ்டிங், பெயிண்டிங். பெரிய கப்பல்களின் அடிப்பாகத்தை உலர்ந்த டாக்கில் நிறுத்திப் பழைய பெயிண்டை அடித்து உதிர்த்துப் புது பெயிண்ட் பூசுகிற பிரிவு.

முதல் தடவை போனில் இந்த வேலையைப் பற்றிச் சொன்னபோது நைனாவுக்குப் புரியவே இல்லை. "இன்னாத்துக்குடா தண்ணிக்குள்ள போய்த் தேய்க்கிற? இழுத்துக் கரையில போட வேண்டியதுதானே?" என்றார். அவர் கேட்டது நியாயம்தான். நாங்கள் எண்ணூர் முகத்துவாரத்துக்குப் பக்கத்துக் குப்பம். கட்டுமரம் கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக மணலில் போட்டுவிடுவார்கள். வெயிலிலும் காற்றிலும் காய்ந்தால் மரத்தில் எதுவும் பிழைக்காது. பிறகு வந்த ஃபைபர் படகும் அப்படித்தான், தினமும் மணலுக்கு ஏறிவிடும். காசிமேட்டில் நிற்கும் விசைப்படகுகள்தான் எந்நேரமும் தண்ணீரிலேயே கிடக்கும். அவற்றுக்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கரையேற்றிச் சுரண்டிப் பெயிண்ட் அடிக்க ஒரு நேரம் கிடைத்துவிடுகிறது. மிதக்கிற படகின் அடியைத் தேய்ப்பது எங்கள் குடும்பத்தில் யாரும் செய்யாத வேலை.

இங்கே கதை வேறு. நான் தேய்க்கும் பாய்மரப் படகு ஒன்று ஐந்தாறு டன் இருக்கும், அடியில் ஏரா, அதாவது கீல், இரண்டு மீட்டர் ஆழத்துக்கு இறங்கியிருக்கும், மேலே பாய்மரம் நாலு மாடி உயரம். மணலில் இழுத்துப் போட முடியாது. கிரேன் வேண்டும், பட்டை கட்ட ஆள் வேண்டும், நிறுத்தி வைக்க இடத்துக்கு வாடகை வேண்டும். அதனால் வருடத்துக்கு ஒரு தடவையோ ஒன்றரை வருடத்துக்கு ஒரு தடவையோ பெயிண்ட் அடிக்க மட்டும் தூக்குவார்கள். நடுவில் இருக்கும் மாதங்களுக்குத்தான் என்னைப் போன்ற ஆள்.

கடலில் எதைப் போட்டாலும் அது சும்மா இருக்காது. சுத்தமான ஒரு தகட்டைத் தண்ணீரில் இறக்கினால் சில நிமிடங்களிலேயே தண்ணீரில் கரைந்திருக்கும் புரதமும் மற்றதும் அதன் மேல் மெல்லிய படலமாகப் படிய ஆரம்பிக்கும். சில மணி நேரத்தில் பாக்டீரியா. சில நாளில் டயாட்டம் என்கிற ஒற்றைச் செல் பாசி. இவை சேர்ந்ததுதான் கைக்குத் தெரியும் அந்த வழுவழுப்பு. அப்புறம் வெயில் படுகிற நீர்க்கோட்டை ஒட்டிப் பச்சைப் பாசி புல் போலத் தொங்கும். வெயில் போகாத அடிவயிற்றில் பாசி குறைவு, அங்கே உயிரினங்கள் குடியேறும்: கொட்டலசு, சுண்ணாம்புக் குழாய்க்குள் இருக்கும் புழு, தொட்டால் தோலில் தீயாய் எரிகிற இறகு மாதிரியான ஹைட்ராய்டு, அமுக்கினால் தண்ணீரைப் பீய்ச்சுகிற கடற்பீச்சி, கடைசியில் கொத்துக் கொத்தாக ஆழி என்கிற இரட்டை ஓட்டு உயிர். இங்கே தண்ணீர் வருடம் முழுக்க 28, 30 டிகிரி. குளிர்காலம் வந்து ஓய்வு கொடுக்கும் என்ற பேச்சே இல்லை.

கொட்டலசைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். நான் பாதி வாழ்க்கையை அதோடுதான் கழிக்கிறேன். பார்க்கச் சிப்பி மாதிரி இருந்தாலும் அது இறாலுக்கும் நண்டுக்கும்தான் உறவு. குஞ்சாக இருக்கும்போது தண்ணீரில் மிதந்து திரியும். உட்காரும் பருவம் வந்ததும் சாப்பாட்டை நிறுத்திவிடும். உடம்பில் சேர்த்து வைத்ததை மட்டும் செலவழித்துக்கொண்டு இடம் தேடும். தலையில் இருக்கும் இரண்டு உணர்கொம்புகளைக் கால் மாதிரி ஊன்றி, படகின் அடியில் நடந்து நடந்து பார்க்கும், பிடிக்கவில்லை என்றால் விட்டுவிட்டு நீந்திப் போகும். பிடித்துவிட்டால் தலையைக் கீழே வைத்துப் பசையால் ஒட்டிக்கொண்டு, சுற்றிச் சுண்ணாம்பில் சுவர் எழுப்பிக்கொள்ளும். அதன் பிறகு சாகும்வரை அந்த இடம்தான், மேல் வாசல் வழியாகக் கால்களை வெளியே நீட்டித் தண்ணீரைத் துழாவிச் சாப்பிடும். சார்லஸ் டார்வின் 1846 முதல் 1854 வரை எட்டு வருடம் இந்தக் கொட்டலசுகளோடு உட்கார்ந்திருந்தார் என்று படித்தபோது எனக்குக் கொஞ்சமும் ஆச்சரியமாக இல்லை.

என் வேலைக்கு முக்கியமான இன்னொரு விஷயம் உண்டு. அந்தக் குஞ்சு இடம் தேடும்போது தன் இனம் ஏற்கெனவே உட்கார்ந்த இடத்தைத்தான் விரும்பும், செத்துப்போன கொட்டலசின் அடித்தகடு மட்டும் இருந்தால்கூட அதன் பக்கத்தில் வந்து உட்காரும். பெரிதாக வளர்ந்த ஒன்றைச் சுரண்டி எடுத்தால் வெள்ளை வட்டமாக அடித்தகடு படகில் தங்கிவிடுகிறது. விட்டால் அடுத்த கூட்டத்துக்கு அது அழைப்பு. பெயர்த்தால் அதோடு பெயிண்டும் வரும். குண்டூசித் தலை அளவில் இருக்கும்போதே வந்துவிட்டால் துணியால் ஒரு தடவு தடவினால் போதும், தகடும் இல்லை, காயமும் இல்லை.

இவ்வளவு பாடுபட்டு இதை ஏன் எடுக்க வேண்டும் என்று ஊரில் கேட்பார்கள். வேகத்துக்காகத்தான். அமெரிக்கக் கடற்படை அகாதமியைச் சேர்ந்த மைக்கேல் ஷூல்ட்ஸ் என்கிற ஆய்வாளர் 2007-இல் ஒரு போர்க்கப்பலுக்குக் கணக்குப் போட்டு வெளியிட்டார். அடியில் கொட்டலசு மாதிரியான சுண்ணாம்பு உயிர்கள் அடர்ந்துவிட்டால் அதே வேகத்தில் போக 86 சதவீதம் வரை கூடுதல் சக்தி வேண்டும். வழுவழுப்பு மட்டும் இருந்தாலே பத்து சதவீதத்தை ஒட்டி இழுவை ஏறும். சின்னப் படகிலும் இது தெரியும், பாய் நிறையக் காற்று இருந்தும் படகு சேற்றில் நடக்கிற மாதிரி போகும்.

சரி, இப்போது நான் செய்த தப்பைச் சொல்கிறேன்.

வேலைக்கு வந்த முதல் வருடம். 36 அடிப் பாய்மரப் படகு, கரையேற்றிப் புது பெயிண்ட் அடித்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. அப்போது நான் இருந்த கம்பெனியில் எல்லாப் படகுக்கும் ஒரே முரட்டுப் பச்சை ஸ்கிரப்பர்தான் கொடுப்பார்கள், வேறு எதுவும் கிடையாது. எனக்கோ யார்டு கை. ஏழு வருடம் எஃகை அடித்துப் பழகிய கை, அழுத்தித் தேய்ப்பதுதான் வேலை என்று நம்பிய கை. இறங்கினேன், உறிஞ்சிக் கைப்பிடியைப் படகில் ஒட்டி இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கையால் பலம் முழுவதையும் போட்டுத் தேய்த்தேன். என்னைச் சுற்றித் தண்ணீர் மங்கலானது. அழுக்கு நன்றாக வருகிறது என்று சந்தோஷப்பட்டு இன்னும் அழுத்தினேன். மேலே வந்து பார்க்கிறேன், கையுறை சிவப்பு, முகமூடி ஓரம் சிவப்பு, பான்டூன் என்கிற மிதக்கும் மேடையை ஒட்டி இருபது மீட்டருக்குச் செம்மண் கரைத்த மாதிரி ஒரு மேகம் நீரோட்டத்தோடு போய்க்கொண்டிருந்தது. படகின் சொந்தக்காரர் எழுபது வயது தாண்டிய ஒரு சீன அங்கிள். பான்டூனில் நின்று அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத் திட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ஆயிரத்து ஐந்நூறு டாலர்" என்று மட்டும் சொன்னார். அந்த பெயிண்டுக்கு அவர் கொடுத்த விலை.

நாலு மாதம் கழித்து அந்தப் படகைத் தூக்கியபோது போய்ப் பார்த்தேன். சிவப்புப் பூச்சுக்கு அடியில் அடையாளத்துக்காக ஒரு கோட் நீலம் அடித்திருந்தார்கள், சிவப்பு தேய்ந்து தீர்ந்த இடம் தெரிவதற்காக. நீர்க்கோடு நெடுக, ஏராவின் முன் விளிம்பில், சுக்கானில், எல்லா இடத்திலும் நீலம். நான் எங்கெல்லாம் அழுத்தினேன் என்று என் கையாலேயே எழுதி வைத்த மாதிரி இருந்தது. அந்த நீலத் திட்டுகளில்தான் கொட்டலசு அடர்ந்திருந்தது. சுத்தம் செய்யப் போய், அது உட்கார இடம் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

அந்தப் பெயிண்ட் வேலை செய்கிற விதத்தை யார்டில் ஏழு வருடம் பூசியும் நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. பெரும்பாலான அடிப் பெயிண்டில் இருப்பது செம்பு, குப்ரஸ் ஆக்சைடு என்கிற சிவப்புத் தூளாக. படகுகளின் அடி பழங்காலத்தில் இருந்து சிவப்பாக இருப்பதற்கும் அதற்கும் தொடர்பு உண்டு. பெயிண்டின் மேற்பரப்பு கடல்நீரில் மிக மெதுவாகக் கரைகிறது. கரையக் கரைய செம்பு வெளியே வருகிறது. உட்கார வரும் குஞ்சுக்கு அந்தச் செம்பு விஷம். தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்துதான் அது படகைக் காக்கிறது. 18 மாதம் கரைய வேண்டியதை நான் அரை மணி நேரத்தில் கரைத்து ஜோகூர் நீரிணைக்குக் கொடுத்திருந்தேன்.

இதைப் பற்றித் தேடிப் படித்தபோதுதான் ஹம்ப்ரி டேவி என்ற ஆங்கிலேய வேதியியலாளரின் கதை கிடைத்தது. 1761-இல் பிரிட்டிஷ் கடற்படை அலார்ம் என்ற கப்பலின் மர அடிக்குச் செம்புத் தகடு அடித்துப் பார்த்தது, கப்பல்புழு துளைக்காமல் இருக்க. புழுவும் அடங்கியது, கொட்டலசும் அடங்கியது. பிறகு வந்த கவலை, செம்பு அரித்துக்கொண்டே போகிறது, செலவு தாங்கவில்லை. 1820-களில் டேவியிடம் கேட்டார்கள். 1824-இல் அவர் கண்டுபிடித்துச் சொன்னது இன்றைக்கும் நான் தினமும் கையில் தொடுகிற விஷயம்: செம்போடு ஒரு துண்டு துத்தநாகமோ இரும்போ சேர்த்துப் பொருத்தினால் அந்தத் துண்டு அரிக்கும், செம்பு பிழைக்கும். அப்படியே நடந்தது. செம்பு அரிக்கவில்லை. ஆனால் கப்பல் அடி முழுக்கப் பாசியும் கொட்டலசும் வளர்ந்துவிட்டது. செம்பு கரையாவிட்டால் அது வெறும் சுவர். கடற்படை அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது.

இருநூறு வருடத்துக்கு முந்தைய அந்தப் பாடத்தை ஒவ்வொரு படகிலும் பார்க்கிறேன். புரொப்பெல்லர் வெண்கலம், அதில் நிறைய செம்பு இருக்கிறது, ஆனாலும் முதலில் கொட்டலசு உட்காரும் இடம் அதுதான். ஏனென்றால் அதைக் காக்கத் தண்டில் ஒரு துத்தநாக உருண்டை மாட்டியிருக்கும். பாதிக்கு மேல் கரைந்திருந்தால் அதை மாற்றுவதும் என் வேலையில் சேர்த்திதான்.

இடையில் இன்னொரு விஷமும் வந்து போனது. டிரைபியூட்டைல் டின் என்கிற வெள்ளீயப் பெயிண்ட். நன்றாக வேலை செய்தது, அதுதான் பிரச்சனை. பிரான்சில் ஆர்க்காசோன் விரிகுடாவில் 1970-களின் கடைசியில் ஆய்ஸ்டர் என்கிற சிப்பியின் குஞ்சுகள் பிடிக்காமல் போயின, வளர்ந்தவற்றின் ஓடு கோணிப்போனது. நத்தைகளில் பெண்ணுக்கு ஆண் உறுப்பு முளைத்தது. 1982-இல் பிரான்ஸ் சின்னப் படகுகளுக்கு அதைத் தடை செய்தது, உலக அளவிலான ஒப்பந்தம் 2001-இல் எழுதப்பட்டு 2008 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. நான் யார்டுக்கு வந்த வருடம் அது. எனக்கு முன்னால் அதே டாக்கில் நின்ற அண்ணன்மார் எத்தனை பேர் அதை மூச்சில் இழுத்திருப்பார்கள் என்று அடிக்கடி நினைப்பேன்.

என்னைத் திருத்தியது ஒரு மலாய்க்காரர். வயதில் மூத்தவர், அபாங் என்றுதான் கூப்பிடுவேன். அந்தச் சிவப்பு மேகத்துக்கு அடுத்த வாரம் அவர் ஒரு பழைய ஆபீஸ் கார்ப்பெட்டை எடுத்து வந்து உள்ளங்கை அளவுக்கு நாலு துண்டு வெட்டிக் கொடுத்தார். இரண்டு பேரும் இறங்கினோம். என் கையைப் பிடித்துக் கார்ப்பெட்டோடு படகில் வைத்து, அதன் மேல் தன் கையை வைத்து, நீளமாக ஒரு இழுப்பு இழுத்தார். அழுத்தமே இல்லை. வழுவழுப்பு மட்டும் பிரிந்து புகை மாதிரி போனது, சிவப்பு வரவில்லை. மேலே வந்ததும் "பெலான் பெலான்" என்றார். மெதுவா, மெதுவா. ஒரு பக்கம் முடிக்கும்வரை நூறு தடவை சொல்லியிருப்பார்.

இப்போது என் முறை இதுதான். முதலில் படகுக்காரரிடம் எஞ்சின் சாவியை வாங்கி என் டப்பாவில் போட்டுக்கொள்வேன். நான் அடியில் இருக்கும்போது யாரும் ஸ்டார்ட் செய்யக்கூடாது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. கரையில் இருந்து படகுக்கு வரும் மின்வயரைக் கழற்றச் சொல்வேன். பான்டூனில் கம்ப்ரஸர், அதில் இருந்து முப்பது மீட்டர் குழாய், வாயில் ரெகுலேட்டர். எடை பெல்ட் கொஞ்சம் கூடுதலாகவே கட்டுவேன், நீர்க்கோட்டில் வேலை செய்யும்போது மிதந்து மேலே வந்துவிடாமல் இருக்க. தண்ணீர் வெந்நீர் மாதிரி இருந்தாலும் கழுத்துவரை உடுப்பு, தலைக்கு உறை. ஹைட்ராய்டு ஒரு காரணம். படகடியில் தொங்கும் குச்சி மாதிரியான சின்ன இறால்கள் காதுக்குள் போவது இன்னொரு காரணம், ஒரு தடவை போனால் அந்த நடமாட்டம் ராத்திரி முழுக்கக் கேட்கும்.

கம்ப்ரஸர் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். மூன்றாவது வருடத்தில் ஒரு நாள் காற்று திசை மாறியதைக் கவனிக்கவில்லை. கம்ப்ரஸரை ஓட்டும் பெட்ரோல் எஞ்சினின் புகை, காற்று இழுக்கும் குழாய்ப் பக்கம் திரும்பியிருந்தது. அடியில் எனக்கு முதலில் தலை கனத்தது, அப்புறம் எந்தப் பக்கம் தேய்த்தேன், எது பாக்கி என்று ஞாபகம் வரவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. விட்டுவிட்டு மேலே வந்து பான்டூனில் படுத்துக் கிடந்தேன், அன்றைக்கு முழுக்க வாந்தி. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. இந்த வேலைக்கு வரும் தம்பிகள் யாராவது இதைப் படித்தால், காற்றுக் குழாயை எப்போதும் காற்று வரும் திசையில் உயர்த்திக் கட்டுங்கள், பான்டூனில் ஒரு ஆள் நின்று அதை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தனியாக இறங்காதீர்கள்.

முதலில் நீர்க்கோடு, அணியத்தில் இருந்து பின்பக்கம் வரை, கார்ப்பெட்டால். பிறகு பக்கவாட்டு, ஒரு கை நீளம் ஒரு கை நீளமாக, மேலிருந்து கீழே. ஏராவுக்கு வரும்போது மூச்சைக் கேட்டுக்கொண்டே இறங்குவேன், அங்கே சுத்தமாக இருட்டு. ஏராவின் அடித்தளத்தைப் பார்க்காமல் விட மாட்டேன். கரையில் படகை நிறுத்தும்போது அந்தத் தளம் கட்டையின் மேல் உட்கார்ந்திருப்பதால் அங்கே சரியாகப் பெயிண்ட் படாது, அந்தக் கட்டை அளவுக்கே கொட்டலசு சதுரமாக வளர்ந்திருக்கும், தடவினாலே தெரியும். படகு மிதக்கும்போதுதான் அந்த இடத்துக்குக் கை போகும். பிறகு சுக்கான், தண்டு. புரொப்பெல்லருக்கு மட்டும் இரும்புச் சுரண்டி. எஞ்சினுக்குத் தண்ணீர் இழுக்கும் துளைகளில் ஸ்க்ரூடிரைவரை விட்டுச் சுழற்றுவேன், அங்கே நாலு கொட்டலசு அடைத்தால் போதும், நடுக்கடலில் எஞ்சின் சூடேறி நிற்கும். வேகம் காட்டும் குட்டிச் சக்கரத்தை விரலால் சுற்றிப் பார்ப்பேன். இவ்வளவுக்கும் ஒன்றரை மணி நேரம். மாதம் தவறாமல் வந்தால் அவ்வளவுதான். மூன்று மாதம் விட்ட படகு என்றால் அரை நாள் போகும், பெயிண்டும் கொஞ்சம் போகும்.

தேய்க்க ஆரம்பித்த பத்து நிமிடத்தில் மீன்கள் வந்துவிடும். ஓரா மீன் ஒரு கூட்டம் கார்ப்பெட்டுக்குப் பின்னாலேயே வந்து பிரியும் பாசியைக் கொத்திக்கொண்டிருக்கும். சில நாள் என் விரலையே கொத்தும்.

அவை சாப்பிடுவதில் செம்பு எவ்வளவு என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. அமெரிக்காவில் சான் டியேகோவில் ஷெல்டர் ஐலண்ட் என்ற படகுத்துறை இருக்கிறது. அங்கே தண்ணீரில் செம்பு அதிகமானதால் 2005-இல் அரசு வரம்பு விதித்தது. எங்கிருந்து வருகிறது என்று கணக்கெடுத்தபோது பெரும்பகுதி, பத்தில் ஒன்பதுக்கும் மேல், பெயிண்டில் இருந்து தானாகக் கசிவது. மிதக்கும் படகைத் தேய்ப்பதால் வருவது சுமார் 5 சதவீதம். சின்னத் தொகைதான் என்று இந்தத் தொழிலில் சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மீதியை என்னால் ஒன்றும் செய்ய முடியாது, அந்த ஐந்து என் கையில் இருக்கிறது. முரட்டு ஸ்கிரப்பருக்கும் கார்ப்பெட்டுக்கும் நடுவில் இருக்கிறது. கலிஃபோர்னியா 2018 ஜூலையில் இருந்து பொழுதுபோக்குப் படகுப் பெயிண்ட் எவ்வளவு செம்பைக் கசியவிடலாம் என்பதற்கே அளவு வைத்துவிட்டது. எல்லாக் கடலுக்கும் அது வர வேண்டும்.

செம்பை விட என்னை அதிகம் தொந்தரவு செய்வது உயிரோடு விழுகிறவை.

நான் வந்த புதிதில், 2016 வாக்கில், ஜோகூர் நீரிணையில் படகுகளின் கயிற்றிலும் பான்டூனின் அடியிலும் சின்னதாக, கருப்பும் பழுப்புமாக ஒரு ஆழி வர ஆரம்பித்தது. அதுவரை அங்கே பச்சை ஆழிதான். இரண்டு மூன்று வருடத்தில் கைவைத்த இடமெல்லாம் புதுசு, பச்சையைத் தேட வேண்டியிருந்தது. மைட்டெல்லா ஸ்ட்ரிகேட்டா என்று அதற்குப் பெயர், தென் அமெரிக்காவையும் மத்திய அமெரிக்காவையும் சேர்ந்தது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். எடை சமன் செய்யக் கப்பல் வயிற்றில் நிரப்பி வரும் தண்ணீரிலோ, கப்பல் அடியில் ஒட்டிக்கொண்டோ இந்த மாதிரி உயிர்கள் கடல் தாண்டும். நான் தேய்த்துத் தள்ளுகிற எதையும் அதன் பிறகு வெறும் அழுக்கு என்று நினைக்க முடியவில்லை. கூட்டமாக வாழும் சில கடற்பீச்சிகள் துண்டானாலும் துண்டில் இருந்து வளரும். ஒரு இடத்தில் சுரண்டிய ஆழி சேற்றில் விழுந்து அங்கேயே பிழைத்துக்கொள்ளும்.

ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரத்தில் 1999-இல் இப்படி ஒன்று நடந்தது. கதவு போட்டு மூடும் மரினாக்களில் கருங்கோட்டு ஆழி என்று அவர்கள் சொல்கிற, மத்திய அமெரிக்காப் பக்கத்து ஆழி ஒன்று கொத்துக் கொத்தாக வளர்ந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அதே ஆழி 1960-களிலேயே விசாகப்பட்டினம் துறைமுகத்துக்கு வந்து இறங்கிவிட்டது, அங்கே அதை யாரும் விரட்ட முடியவில்லை. டார்வினில் மரினாக்களை அப்படியே மூடி, குளோரினையும் செம்பு உப்பையும் டன் கணக்கில் கொட்டினார்கள். ஆழி ஒழிந்தது, உள்ளே இருந்த மற்ற எல்லா உயிரும் கூடவே ஒழிந்தது. இன்றைக்கும் வெளிநாட்டுப் படகு ஒன்று டார்வின் மரினாவுக்குள் போக வேண்டுமானால் அடிப்பாகத்தைச் சோதிப்பார்கள். இங்கிருந்து அந்தப் பக்கம் போகிற படகுக்காரர்கள் கிளம்புவதற்கு முன் என்னைக் கூப்பிடுவார்கள். அந்த வேலையை மட்டும் கூலி பார்க்காமல் செய்வேன். துளைக்குள் விரல் போகிற தூரம்வரை தடவிப் பார்த்துவிட்டுத்தான் மேலே வருவேன்.

ஆழி, பெரிய கொட்டலசு, கடற்பீச்சிக் கொத்து, இதையெல்லாம் தண்ணீரில் விடாமல் இடுப்பில் கட்டிய வலைப்பையில் போட்டுக்கொண்டு வருகிறேன். வேலை முடிந்ததும் பான்டூனில் கொட்டி வெயிலில் காயவிட்டுக் குப்பைக்குப் போடுவேன். யாரும் செய்யச் சொல்லவில்லை, நேரமும் இருபது நிமிடம் கூடும். வழுவழுப்பையும் பாசியையும் பிடித்து வைக்க என்னிடம் வழி இல்லை. பெரிய கப்பல்களுக்குத் தேய்க்கும்போதே உறிஞ்சி வடிகட்டும் மெஷின்கள் வந்திருக்கின்றன, சின்னப் படகுத் தொழிலுக்கு அந்த விலை கட்டுப்படியாகவில்லை.

இரண்டு வருடம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் நைனா ஆற்றில் இருந்து திரும்பி வந்து உட்கார்ந்திருந்தார். காலில் மஞ்சள் அப்பியிருந்தது. என்ன என்று கேட்டால், "காக்கா ஆழிடா, ஆத்துல கால வைக்க முடியல" என்றார். கொசஸ்தலையாற்றில் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று, குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பது எங்கள் பக்கத்தில் பலருக்கும் பிழைப்பு. அவருக்கும் அதுதான், கடலுக்குப் போவதை விட்ட பிறகு. இப்போது அந்தச் சேறே கைக்கு எட்டவில்லை, மேலே ஆழி ஒன்றோடொன்று நாரால் பின்னிக்கொண்டு பாய் விரித்த மாதிரி கிடக்கிறது, இறால் புதைய இடம் இல்லை என்றார். மட்டியும் போச்சு, பச்சை ஆழியும் போச்சு. "எங்க காட்டு நைனா" என்றேன். எழுந்து போய் பிளாஸ்டிக் மக்கில் இருந்து ஒரு கொத்தை எடுத்து போனுக்குப் பக்கத்தில் பிடித்தார்.

எனக்கு அதைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. முந்தின நாள்கூட என் வலைப்பையில் இருந்தது அதுதான். அதே கருப்பு, அதே பழுப்பு வரி. பிறகு செய்தியிலும் வந்தது, எண்ணூர், பழவேற்காடு பக்கம் மீனவர்கள் காக்கா ஆழி என்று சொல்வது மைட்டெல்லா ஸ்ட்ரிகேட்டாதான் என்று. நான் பல வருடமாகப் பான்டூனில் காயவைத்துக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்த ஒன்று, நான் நீந்தக் கற்றுக்கொண்ட ஆற்றின் அடியில் விரிந்து கிடக்கிறது. ஆற்றில் அனல் மின்நிலையச் சாம்பலும் சூடு தண்ணீரும் ஏற்கெனவே கலந்துகொண்டிருக்கிறது, அது போதாது என்று இது.

நைனா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அங்க இத எப்படிடா எடுக்கறீங்க?" படகில் இருந்து எடுக்கிறோம் நைனா, கடலில் இருந்து எடுக்க யாருக்கும் தெரியவில்லை என்றேன். அவர் சரி என்று தலையை ஆட்டிவிட்டு, காலை மடித்து வைத்துக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

அடுத்த வாரம் ஊருக்குப் போன ஒரு தம்பியிடம் என்னுடைய முக்குளிக்கும் பூட்டீஸ் ஒரு ஜோடி கொடுத்தனுப்பினேன். அடியில் தடித்த ரப்பர், கணுக்கால்வரை ஜிப், கொட்டலசின் மேல் நின்றாலும் கிழிக்காது. நைனாவுக்கு 9 நம்பர். இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிட்டுப் போன் செய்தார். தண்ணீருக்குள் கொஞ்சம் கனமாக இருக்கிறதாம், ஆனால் வெட்டவில்லையாம், பழகிவிடுமாம். சித்தப்பாவுக்கு 8 நம்பர், பக்கத்து வீட்டு அத்தைக்கு 6 என்று சொல்லி, வாங்க முடியுமா என்று கேட்டார். அத்தையும் இறால் தடவத்தான் போகிறார்.